புழு பூச்சி இல்லாத ஓடை

கையில் அள்ளிய தண்ணீரை வாய்க்குக் கொண்டுபோன நேரத்தில் மேடம் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். மூணாறைத் தாண்டி, தேயிலை முடிந்து ஏலக்காடு தொடங்குகிற ஒரு சரிவு அது. பாறைகளுக்கு நடுவே ஓடை இறங்கிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து ஏறி இறங்கியதில் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் என்றால் அப்படி ஒரு தண்ணீர், அடியில் கிடக்கும் கூழாங்கல்லின் வரிகூடத் தெரிந்தது. மேடம் யாரையும் தொட்டுப் பேசுகிறவர் அல்ல. அவரோடு வேலைக்குச் சேர்ந்த இத்தனை மாதங்களில் என் பக்கத்தில் உட்கார்ந்துகூடப் பேசியதில்லை. அப்படிப்பட்டவர் பிடித்த பிடியில் தண்ணீர் முழுக்க என் சட்டையில் கொட்டியது. "வேண்டாமுங்க பாய். இந்தத் தண்ணி ஆகாதுங்க" என்றார். தாகத்தில் இருக்கிறவனுக்கு வரக்கூடிய கோபம் எனக்கு வந்தது. கண்ணாடி மாதிரி இருக்கிறதே மேடம் என்றேன். "அதுதானுங்க எனக்குப் பயமா இருக்குது" என்று சொல்லி, பாறைமேல் வைத்திருந்த வெள்ளைத் தட்டைக் காட்டினார். ஓடையின் கற்களைப் புரட்டி, வலையில் சேர்ந்ததையெல்லாம் அதில் கொட்டி வைத்திருந்தோம். மணலும் சருகும்தான் கிடந்தன.

மேடம் இறந்துபோய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. பெயரைப் போட்டு எழுதினால் அவருக்குப் பிடிக்காது, மேடம் என்றே இருக்கட்டும். சென்ற மாதம் நடந்த ஒரு கூட்டத்தில், புதிதாக வந்த அதிகாரி ஒருவர் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே, அந்த ஓடை எத்தனையோ வருஷமாகச் சிவப்பிலேயே இருக்கிறது, இன்னும் எதற்கு அங்கே போய் அலைகிறீர்கள், பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமே என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, ஜீப்புக்கு டீசல் செலவாகிறது என்ற கவலை அவருக்கு. நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மேடம் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக்காரர். தென்னையும் நெல்லும் உள்ள குடும்பம். கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்தவரை ஒரு திட்டத்துக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். எலப்புள்ளி வயல் வாய்க்கால் தொடங்கி இடுக்கி மலை ஓடை வரைக்கும், எந்த நீர் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து, நல்லதற்குப் பச்சை, நடுவாந்தரத்துக்கு மஞ்சள், கெட்டதற்குச் சிவப்பு என்று வரைபடத்தில் நிறம் போட்டுத் தரவேண்டும். எங்கே வேலி போடுவது, எங்கே மரம் நடுவது, எங்கிருந்து குடிநீர் எடுப்பது என்பதைப் பஞ்சாயத்துகள் அதை வைத்து முடிவு செய்யும். நான் பாலக்காட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பத்தில் பிறந்தவன். அத்தாவோடும் அண்ணன்மாரோடும் கடையில் ஒத்துப்போகாமல், என்றைக்கோ வாங்கிய விலங்கியல் பட்டத்தைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு முப்பது வயதுக்கு மேல் இதில் சேர்ந்தேன். பூச்சி பிடிக்கவா உன்னைப் படிக்க வைத்தேன் என்று உம்மா கேட்டார். கேட்டது நியாயம்தான்.

எங்கள் வேலை உண்மையிலேயே பூச்சி பிடிப்பதுதான். நீரோட்டத்தில் கல்லுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு வாழும் சின்னஞ்சிறு உயிர்கள் உண்டு. இறக்கை முளைத்துப் பறந்துபோவதற்கு முன்னால் தண்ணீரிலேயே வளரும் பூச்சிக் குஞ்சுகள் அவை. வாலில் இரண்டு இழை உள்ளது ஒன்று, மூன்று இழை உள்ளது ஒன்று, மணலை ஒட்டித் தனக்கே ஒரு கூடு கட்டிக்கொண்டு அதற்குள் இருப்பது ஒன்று. தண்ணீர் கொஞ்சம் கெட்டாலும் சிலதுக்குத் தாங்காது, முதலில் அவைதான் போகும். சிலது எந்தச் சாக்கடையிலும் பிழைத்துக் கிடக்கும். எது இருக்கிறது எது இல்லை என்பதைப் பார்த்து மார்க் போடுவோம். தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினால் போதாதா என்று நானே கேட்டிருக்கிறேன். கடையில் சாயம் போகிற துணியை முதல் நாள் பார்த்தால் தெரியாது, நாலு முறை நனைந்தால்தான் தெரியும். மேடம் சொன்னதும் ஏறக்குறைய அதுதான். ஆனாலும் எனக்கு முழு நம்பிக்கை வந்துவிடவில்லை. பூச்சியை வைத்து ஊருக்கு நிறம் போடுவது எனக்கு ஜோசியம் மாதிரிதான் இருந்தது, அதை அவரிடம் சொல்லியும் இருக்கிறேன். சண்டை போடுவார், ஆனால் மனதில் வைத்துக்கொள்ள மாட்டார்.

அந்த ஓடை சும்மா ஓர் ஓடையாக இருந்திருந்தால் சிவப்புப் போட்டுவிட்டு நாங்கள் அடுத்த மலைக்குப் போயிருப்போம். அதன் கீழே தேயிலைத் தோட்டத்து லயம் ஒன்று இருந்தது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், எல்லாம் திருநெல்வேலி, மதுரைப் பக்கத்திலிருந்து பாட்டன் காலத்தில் வந்த குடும்பங்கள். கொழுந்து எடுத்துவிட்டுத் திரும்பும் பெண்கள், குடத்தைத் தூக்கிக்கொண்டு தூரத்தில் இருக்கும் ஒரு குழாய்க்குப் போவார்கள். கோடையில் அதுவும் வராது. இத்தனை வருஷம் கேட்டுக் கேட்டு, கடைசியில் பஞ்சாயத்து ஒரு குடிநீர்த் திட்டம் கொடுத்திருந்தது. ஓடை பக்கத்திலேயே இருப்பதால் ஒரு சின்னத் தடுப்பும் கொஞ்சம் குழாயும் போதும், கோடைக்கு முன்னால் வீட்டு வாசலில் தண்ணீர் வந்துவிடும். லயத்தில் மகளிர் குழுவுக்குத் தலைவியாக இருந்த பெண்ணை எல்லோரும் லீடரக்கா என்பார்கள். அவர் புதுக் குடம்கூட வாங்க வேண்டாம் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டிருந்தார். அந்த நேரத்தில்தான் நாங்கள் காலித் தட்டோடு போய் நின்றோம்.

மேலே, காட்டுக்குள்ளிருந்து வரும் இன்னோர் ஓடை இருந்தது. அதில் கல்லைப் புரட்டினால் தட்டு முழுக்க நெளியும். தண்ணீர் கொஞ்சம் கலங்கல், சருகு ஊறிய நிறம், பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது. ஆனால் அது பச்சையிலும் பச்சை. அங்கிருந்து லயத்துக்குக் குழாய் கொண்டுவர வேண்டுமென்றால் வனத்துறையின் அனுமதி வேண்டும், நீளமும் அதிகம், இன்னும் ஒரு கோடையாவது காத்திருக்க வேண்டும். கீழே உள்ள ஓடை ஏலக்காட்டுக்கு நடுவே வருகிறது. ஏலத்துக்கு மருந்து அடிப்பார்கள். பூச்சியைக் கொல்லுகிற விஷத்தை மருந்து என்றுதான் நாம் எல்லோரும் சொல்கிறோம். அடித்த பிறகு மழை பெய்தால் அது எங்கே வழியும் என்பது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. மேடம் திட்டத்தை நிறுத்தச் சொல்லி எழுதினார். பஞ்சாயத்து, நீங்களே வந்து அந்த ஜனங்களிடம் சொல்லுங்கள் என்று கூட்டம் போட்டது.

அங்கன்வாடிக் கட்டடத்தில் கூட்டம். வேலை முடிந்து குளித்துவிட்டு வந்த பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஆண்கள் வாசலோரம். பஞ்சாயத்து இன்ஜினியர் மலையாளி, தன்மையான மனிதர். பரிசோதனைச் சாலையில் கொடுத்த தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று முடிவு வந்திருப்பதை வாசித்தார். பிறகு பொதுவாகப் பார்த்து, "இது மோசம் வெள்ளமாணெந்நதினு எந்தெங்கிலும் தெளிவு உண்டோ?" என்றார். மலையாளத்தில் தெளிவு என்றால் சாட்சி, ஆதாரம். தண்ணீர் கெட்டது என்பதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்டார். லீடரக்கா சடாரென்று எழுந்து, "தெளிவுக்கு என்ன சார் கொறச்சல்? நல்லாத் தெளிவா இருக்கு. அடியில ஊசி கெடந்தாலும் எடுத்துரலாம். ஒரு புழு பூச்சி கெடையாது சார், வந்து பாருங்க" என்றார். இன்ஜினியர் முழித்தார். மொழி இரண்டும் தெரிந்த சில இளைஞர்கள் சிரித்தார்கள், பிறகு எல்லோருமே சிரித்தார்கள். லீடரக்காவுக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை, கோபமாக உட்கார்ந்தார். மேடம் மட்டும் சிரிக்கவில்லை. "அந்தத் தெளிவுதானுங்க சார் தெளிவு" என்றார்.

அவர் விளக்கிப் பார்த்தார். "பாட்டில்ல புடிச்சது அன்னைக்குத் தண்ணிங்க. மருந்து அடிச்சு மழை பேஞ்ச அன்னைக்கு வந்த தண்ணி அதுல இல்லீங்க. பூச்சி வருசம் முச்சூடும் அதுலயேதான் கெடக்குதுங்க. அது இல்லைன்னா, என்னமோ ஒண்ணு அதைக் கொன்னுருக்குதுன்னுதானுங்க அர்த்தம்" என்றார். சரியாகத்தான் சொன்னார். ஆனால் பெண்கள் முகத்தில் ஒன்றும் ஏறவில்லை. புழு இருக்கிற தண்ணீரைக் குடிக்கச் சொல்லும் படித்த பைத்தியத்தை இப்போதுதான் பார்க்கிறோம் என்று ஒரு பாட்டி பக்கத்தில் இருந்தவளிடம் முணுமுணுத்தது எனக்கே கேட்டது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு தண்ணீர் நல்ல தண்ணீர் என்பதற்கு, புழு பூச்சி இல்லாதது என்பதைவிட நம் மொழியில் வேறு நற்சான்று இல்லை. வாசலுக்கு வந்துவிட்ட குழாயை ஒரு காலித் தட்டைக் காட்டித் தட்டிப் பறிக்க வந்தவர்களாகத்தான் நாங்கள் அவர்களுக்குத் தெரிந்தோம். இன்ஜினியர் காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்.

அப்போது மேடம் நாற்காலியை விட்டு இறங்கி, லீடரக்காவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். குரலும் இறங்கிவிட்டது. "அக்கா, கல்யாணம் ஆகி வந்த பொண்ணுகிட்ட நாம என்னன்னு கேப்போம்? வயித்துல புழு பூச்சி ஏதாச்சும் உண்டான்னு கேப்போமில்லீங்க? என்னையும் கேட்டாங்க. கோயில்ல கேட்டாங்க, கல்யாண வீட்டுல கேட்டாங்க, பஸ்ல பக்கத்துல உக்காந்தவங்க கேட்டாங்க. இல்லீங்க, இல்லீங்கன்னு சொல்லி என் வாயி மரத்துப்போச்சுங்க. எனக்கு இல்லாததுக்கு யாரும் காரணமில்லீங்க, அது அப்படித்தான். இந்த ஓடைக்கு இல்லாததுக்குக் காரணம் இருக்குதுங்க அக்கா. இதை யாராச்சும் கேக்கோணுமில்லீங்க?" என்றார்.

வாசலோரம் நின்ற ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இந்தத் திட்டத்தில் உள்ள யாருக்கும் அவருடைய வீட்டு விஷயம் எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ள அவர் விட்டதும் இல்லை. அதை இத்தனை ஜனத்துக்கு நடுவில், ஓர் ஓடைக்காக எடுத்துப் போட்டுவிட்டார். லீடரக்கா, "மருந்து அடிக்கது வேற ஆருமில்ல தாயி, எங்க வீட்டு ஆம்பளையளுதான். லீவு நாள்ல அந்தக் கூலிக்குத்தான் போறாக. நான் யாரைப் போயிக் கேக்க?" என்றார். பிறகு அவரே எழுந்து நின்று, மேல் ஓடையிலிருந்தே குழாய் வரட்டும், நாங்கள் இன்னொரு கோடை குடம் தூக்கிக்கொள்கிறோம் என்று இன்ஜினியரிடம் சொன்னார். மற்ற பெண்கள் மறுத்துப் பேசவில்லை. சந்தோஷமாகவும் இல்லை.

ஜீப்பில் வரும்போது மேடம் வெளியே பார்த்துக்கொண்டே இருந்தார். மறையூர் தாண்டிய பிறகு, "நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாதில்லீங்க பாய்?" என்று கேட்டார். நான் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். குளிர்கிறது என்று சாக்குச் சொன்னேன்.

ஒரு கோடை என்றது இரண்டு கோடையாகி, பிறகுதான் மேல் ஓடைத் தண்ணீர் லயத்துக்கு வந்தது. நல்ல தண்ணீர். இன்றைக்கும் வருகிறது. ஆனால் மேடம் நினைத்ததில் பாதிதான் நடந்தது. சிவப்புப் போட்ட ஓடைக்கு யாராவது வைத்தியம் பார்ப்பார்கள் என்று அவர் நம்பியிருந்தார். குடிக்கிறவர்கள் இல்லையென்று ஆனதும் அதைக் கேட்கவும் ஆள் இல்லாமல் போயிற்று. பச்சை ஓடைக்கு வேலி வந்தது, பலகை வந்தது. சிவப்பு ஓடையின் பக்கம் மருந்து முன்னைவிடத் தாராளமாக அடித்தார்கள், எப்படியும் கெட்டதுதானே என்று. "காய்ச்சல்னு சொன்னா மருந்து குடுப்பாங்கன்னு பாத்தேனுங்க பாய். ஆளைத் தூக்கிப் பின்கட்டுல போட்டுட்டாங்க" என்று ஒருநாள் சொன்னார். நாம் நிறம் போடுவதே தப்போ என்றுகூட அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்த நாட்களில் அவரைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும். ஏலக்காட்டு முதலாளியிடம் பலமுறை நடந்தார். கரையோரம் ஒரு பட்டை அகலத்துக்கு மருந்து அடிக்காமல் விடுங்கள், அங்கே வரும் புல்லும் செடியும் விஷத்தைத் தடுத்து நிறுத்தும் என்று கேட்டார். முதலாளி காப்பி கொடுத்து உபசரித்து அனுப்புவார். அதோடு சரி.

அந்தப் பட்டை எப்படி விடப்பட்டது என்பது எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. மேடம் ஓய்வு பெற்று, அதற்குள் உடம்புக்கும் முடியாமல் போயிருந்தார். ஒருநாள் லீடரக்கா எனக்குப் போன் செய்தார். லயத்து ஆண்கள் எல்லோருமாகச் சேர்ந்து, கரையோரம் நாங்கள் அடிக்கமாட்டோம், வேண்டுமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று முதலாளியிடம் சொல்லி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். வீட்டுக்காரரிடம் இவர் என்ன சொன்னார், எத்தனை நாள் சண்டை போட்டார் என்பதையெல்லாம் சொல்லவில்லை. முதலாளி ஒரு பருவம் வெளியாட்களை வைத்துப் பார்த்தார், சரிப்படவில்லை, விட்டுவிட்டார். "மேடத்தைக் கூட்டிட்டு வந்து பாருங்க பாய்" என்றார் லீடரக்கா. முடியாத உடம்போடு இவ்வளவு தூரமா என்று அவருடைய தங்கை என்னைத் திட்டினார். மேடம் மறுநாளே கிளம்பிவிட்டார்.

ஓடையில் அவரால் இறங்க முடியவில்லை. லீடரக்கா அவரைப் பாறையில் உட்காரவைத்துத் தோளைப் பிடித்துக்கொண்டார். நான்தான் இறங்கிக் கல்லைப் புரட்டினேன். தட்டில் கொட்டி, மணல் அடங்கக் காத்திருந்தோம். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு சருகுக்கு அடியிலிருந்து சிவப்பாக, நூல் துண்டுபோல ஏதோ நெளிந்தது. இன்னொன்று. கொசுவைப் போன்ற ஒரு பூச்சியின் குஞ்சு அது. சமவெளியில் சாக்கடை கலக்கும் வாய்க்கால்களில் கூட்டம் கூட்டமாகக் கிடக்கும், அங்கே அதைக் கண்டால் மேடம் முகத்தைச் சுளித்துக்கொள்வார். எங்கள் கணக்கில் அதற்குக் கிடைப்பது ஆகக் குறைந்த மார்க். இங்கே அவர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். "வந்துருச்சுங்க பாய்" என்றார். பார்த்து முடித்ததும் அவற்றைத் திரும்பவும் தண்ணீரில் விடச் சொன்னார்.

லயத்தில் லீடரக்காவின் வீட்டில் பால் விடாத கட்டன் டீ போட்டார்கள். டம்ளரைக் கொடுத்த கையோடு லீடரக்கா அடுக்களைக்குப் போய்ச் சீனி டப்பாவை எடுத்து வந்தார். கட்டனில் சீனி போட்டாயிற்றே என்று மேடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ஒரு பிடி சீனியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். "நல்ல சேதி வந்தா சீனி குடுக்கணும்லா தாயி. ஓடைக்குப் புழு பூச்சி உண்டாயிருக்கு. நீங்கதான மொதல்ல வாயில போடணும்" என்றார். எங்கள் பக்கம் எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். வீட்டில் ஒருத்தி உண்டாகியிருக்கிறாள் என்றால் இப்படித்தான் கொடுப்பார்கள். எத்தனையோ வீடுகளில் மேடம் கை நீட்டி வாங்கியிருப்பார், ஒருமுறைகூட அது அவருக்கென்று இருந்திருக்காது. அவர் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மொத்தத்தையும் வாயில் போட்டுக்கொண்டு, கையில் ஒட்டியிருந்ததையும் விடாமல் நக்கிச் சாப்பிட்டார். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. லீடரக்கா முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டார். நான் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டேன்.

பாலக்காட்டுக்கு வந்து மார்க்குகளைக் கூட்டிப் பார்த்தேன். மேடத்துக்குப் போன் செய்து, சிவப்பு மாறவில்லை மேடம் என்றேன். "மாறாதுங்க, சிவப்பே போடுங்க" என்றார். போட்டேன்.